முதல் பிளேன் எது? 1871 சொல்லும் பதில்

தம்பி ஏ.எல். எழுதி முடிச்ச கையோட, ஒரு வருசமாய்ச் சேர்த்த காசில ரிமோட் பிளேன் ஒண்டு வாங்கப்போறானாம். போனில காட்டினது போர் விமான வடிவம்: கூர் மூக்கு, பின்னுக்கு மடிஞ்ச குட்டைச் செட்டை. "இதுதான் கெத்து அக்கா" என்றான். எனக்குப் பிளேன் ஓட்டத் தெரியாது, வரலாறுதான் கொஞ்சம் தெரியும். அதால பழைய கதைகளைத் தேடிப்போனேன்.

1871 ஆகஸ்ட், பாரிஸின் துய்லெரி தோட்டம். அல்போன்ஸ் பெனோ என்ற 21 வயது இளைஞர், இறப்பர் முறுக்கில் இயங்கும் சிறு விமானமொன்றைப் பறக்கவிட்டார். பறந்தது 11 செக்கன்கள்தான். ஆனால் யாரும் பிடிக்காமலே அது நிமிர்ந்து பறந்தது. செட்டை நுனிகளை அவர் மேல்நோக்கி வளைத்திருந்தார். விமானம் ஒரு பக்கம் சரிந்தால் அந்தப் பக்கமே வழுக்கும். அப்போது தாழ்ந்த செட்டையைக் காற்று கூடுதலாகத் தூக்கிவிடும்.

ரைட் சகோதரர்கள் சின்ன வயதில் விளையாடியது பெனோ பாணிப் பறக்கும் பொம்மையோடு. ஆனால் 1903இல் அவர்கள் ஓட்டிய விமானம் தானாக நிமிராது. சறுக்கு விமானங்களில் வருடக்கணக்காகப் பழகியவர்களுக்கே அது மேலும் கீழுமாய்த் துள்ளியது. அன்றைய மிக நீண்ட பறப்பு 59 செக்கன்கள். தரையில் மோதி முன்பகுதி உடைந்தது.

1937இல் அமெரிக்காவின் கலமசூ நகரில் வோல்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர் 'கஃப்' விமானத்தை வானொலி அலையால் இயக்கினார்கள். அந்தக்கால வால்வுகளும் பற்றரிகளும் சரியான பாரம்; செட்டை மட்டும் கிட்டத்தட்ட 8 அடி. அவர்கள் போனது பெனோவின் வழி: விமானம் தன்பாட்டில் பறக்கும், வானொலி அதைத் திருத்தும். 'கஃப்' இப்போது ஸ்மித்சோனியன் சேகரிப்பில் இருக்கிறது.

இண்டைக்கும் பழகுநர் பிளேன்கள் அப்படித்தான்: உடலுக்கு மேலே செட்டை, நுனி கொஞ்சம் உயர்வு, மெதுவான வேகம். பிளேன் உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிவிடும். குழம்பிப்போய்க் கையை எடுத்தாலும் அது தானே நிமிர வேணும். போர் விமான வடிவம் அந்த ரெண்டு செக்கனைத் தராது.

தம்பி எல்லாத்தையும் கேட்டிட்டு, "அப்ப தாத்தா காலத்துப் பிளேனா?" என்றான். ஓமடா, அதுதான். முதலில் விழாமல் பறக்கப் பழகு. கெத்து பிறகு வரும்.