நீரில் கரையா மருந்துகளின் ஊசி வடிவம்

சிரைக்குள் செலுத்தப்படும் மருந்து, குருதியில் கலந்த பிறகும் கரைந்த நிலையிலேயே இருக்க வேண்டும். துகள்களாகத் திரண்டால் சிரை அழற்சியடையும். நுரையீரலின் நுண்குழாய்கள் அடைபடவும் கூடும். நீரில் கரைய மறுக்கும் மருந்துக்கு ஊசி வடிவம் அமைப்பது இதனால்தான் கடினமாகிறது.

மருந்து அமிலமாகவோ காரமாகவோ இருந்தால் முதலில் உப்பாக்கிப் பார்ப்பது வழக்கம். வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின் இவ்வகை. அதைக் கரைந்த நிலையில் வைக்க, ஊசியின் பிஎச் மதிப்பு 12 வரை உயர்த்தப்படுகிறது. 40 சதவீதம் புரொப்பிலீன் கிளைக்காலும் 10 சதவீதம் ஆல்கஹாலும் சேர்க்கப்படுகின்றன. இவ்வளவு காரமான திரவம் சிரைக்கு வெளியே கசிந்தால் திசுவைப் புண்ணாக்கும். வேகமாகச் செலுத்தினால் இரத்த அழுத்தம் சரியும், இதயத் துடிப்பு பிறழும். ஆகவே பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் செலுத்துவதில்லை. மூலக்கூறோடு பாஸ்பேட்டை இணைத்து நீரில் கரையச் செய்த ஃபாஸ்ஃபெனிட்டாயின், 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. உடலின் நொதிகள் அந்தப் பாஸ்பேட்டை நீக்கி ஃபெனிட்டாயினை விடுவிக்கின்றன.

அயனியாகாத மூலக்கூறுகளுக்கு உப்பு வழி கிடையாது. பசிபிக் யூ மரப்பட்டையில் கண்டறியப்பட்ட புற்றுநோய் மருந்து பக்லிடாக்செல், ஆமணக்கெண்ணெயிலிருந்து பெறப்படும் கிரெமஃபோர் இஎல், ஆல்கஹால் ஆகியவற்றின் சம அளவுக் கலவையில் கரைக்கப்பட்டு, 1992இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சிலருக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டது. அதில் கிரெமஃபோருக்குப் பெரும் பங்கு உண்டு. எனவே ஸ்டீராய்டும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்துகளும் முன்கூட்டியே தரப்படுகின்றன. கிரெமஃபோர் பிவிசி பைகளிலுள்ள பிளாஸ்டிக் நெகிழ்விப்பானையும் கரைத்தெடுக்கும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டியதாயிற்று. கரைக்கும் பொருளே நோயாளிக்குத் தீங்காகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. 2005இல் வந்த அப்ராக்சேன், கிரெமஃபோரைக் கைவிட்டு, மருந்தை மனித ஆல்புமினோடு சேர்த்துச் சுமார் 130 நானோமீட்டர் துகள்களாக்கியது. மூன்று மணி நேரம் ஏற்றிய மருந்தை இவ்வடிவில் 30 நிமிடங்களில் ஏற்ற முடிகிறது.

மயக்க மருந்தான புரொப்போஃபோலும் தொடக்கத்தில் கிரெமஃபோரில் கரைத்தே சோதிக்கப்பட்டது. ஒவ்வாமை காரணமாக அவ்வடிவம் கைவிடப்பட்டு, 10 சதவீத சோயா எண்ணெயை முட்டை லெசித்தினால் நீரில் பரப்பிய வெண்பால்மமாக 1986இல் சந்தைக்கு வந்தது. இதன் குறை, நுண்ணுயிர்கள் அதில் எளிதாகப் பெருகுவது. திறந்த மருந்தை நெடுநேரம் வைத்திருக்கக் கூடாது.

பூஞ்சைக்கொல்லியான வோரிகோனசோல் சைக்ளோடெக்ஸ்ட்ரின் வளையத்துக்குள் பொதிந்து கரைக்கப்படுகிறது. தசையூசிகளில் கரையாமை நன்மையாகவும் அமைகிறது: மனச்சிதைவுக்கான பாலிபெரிடோன் பால்மிட்டேட்டின் நுண்துகள்கள் தசையில் மெல்லக் கரைவதால், மாதம் ஓர் ஊசி போதுமானதாகிறது.