செயலாளர் நாற்காலியில் ஒரு வீராங்கனை

படக்கதைகளிற் பெண் எவ்வாறு தீட்டப்படுகிறாள் என்னும் கேள்வி எழும்போதெல்லாம், நம்மவரிற் பெரும்பாலோர் உடையின் அளவைப் பற்றியே பேசுகின்றனர். உடை குறைந்தால் ஆபாசம், கூடினால் ஒழுக்கம். இந்த அளவுகோல் போதாது என்பதையே வரலாறு நமக்குக் காட்டுகிறது.

1941ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘வொண்டர் உமன்’ என்னும் வீராங்கனை பிறந்தாள். அவளைப் படைத்தவர் வில்லியம் மார்ஸ்டன் என்ற உளவியலறிஞர், தீட்டியவர் எச். ஜி. பீட்டர். பெண்களின் வாக்குரிமைக் கிளர்ச்சியை ஆதரித்து முன்னர் சித்திரம் வரைந்த கை பீட்டருடையது. அடிமை விலங்கை அறுத்தெறியும் பெண் என்பதே அவளைப் பற்றிய உருவகம். ஆயினும் அறுத்தெறிவதற்கு முன் அவளைக் கட்டிவைத்துக் காட்டுவதில் அப்பக்கங்கள் அளவிறந்த ஆர்வங் கொண்டிருந்தன. பதிப்பகத்தின் ஆலோசகராயிருந்த ஜோசெட் பிராங்க் அம்மையார் 1943இல் இதனைக் கண்டித்தெழுதினார். விடுதலையும் விற்பனையும் ஒரே தாளில் அச்சாயின.

1942 ஏப்ரல் 9ஆந் திகதி திருகோணமலைத் துறைமுகத்தின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. துறைமுகத்துக்கு வடக்கேயுள்ள சல்லி போன்ற மீனவக் கிராமங்களுக்கும் உலகப்போர் தொலைதூரச் செய்தியாக இருக்கவில்லை. அதே ஆண்டில், அமெரிக்கப் படக்கதைகளின் வீரநாயகர் சங்கம் இவ்வீராங்கனையைத் தன் உறுப்பினராக்கிக் கொண்டது. அளித்த பதவி யாது? செயலாளர்! மலையைப் பெயர்க்கும் வலிமை படைத்தவள் குறிப்பெழுத அமர்த்தப்பட்டாள். ஆடவர் களத்துக்குச் செல்ல, அவள் பின்னே நின்று வழியனுப்பினாள். இங்கே உடை மாறவில்லை, வேலைதான் மாறியது.

1947இல் மார்ஸ்டன் இறந்தார். வரலாற்றுப் பெண்மணிகளின் வாழ்க்கையைச் சொல்லிவந்த பக்கங்கள் பின்னர் அகற்றப்பட்டன. அவற்றின் இடத்தைத் திருமணச் சடங்குகள் பற்றிய செய்திகள் பிடித்தன. 1949இல் வெளிவந்த ஓர் அட்டைப்படத்தில், காதலன் அவளைக் கைகளில் ஏந்தி ஓடையைக் கடக்கிறான். போர்க்காலத்தில் தொழிற்சாலைக்கு அழைக்கப்பட்ட பெண்கள் வீட்டுக்குத் திருப்பியனுப்பப்பட்ட காலம் அது என்பதை நாம் மறத்தலாகாது.

1954இல் மருத்துவர் பிரெடரிக் வெர்தாம் படக்கதைகளைச் சாடி ஒரு நூல் எழுதினார். செனட் சபையின் குழுவும் விசாரணை நடத்தியது. அஞ்சிய பதிப்பாளர்கள் தமக்குத் தாமே ஒரு விதிக்கோவை வகுத்தனர். பெண்ணின் உடலமைப்பை மிகைப்படுத்தாது இயல்பாகவே வரைதல் வேண்டும் என்றது ஒரு விதி. காதற் கதைகள் இல்லத்தின் மேன்மையையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும் என்றது மற்றொன்று. ஒரு கையால் அவளுக்கு ஆடை உடுத்தி, மறு கையால் அடுக்களைக்கு அனுப்பியது இவ்வொழுக்கம்.

விதிகள் தளர்ந்தன. 1980களில் படக்கதைகள் தெருக் கடைகளை விட்டுத் தனிக் கடைகளுக்குப் பெயர்ந்தன. அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். சந்தை குறுகக் குறுகப் பெண்ணின் இடையும் குறுகியது. 1991இல் மார்வெல் நிறுவனம் தன் பாத்திரங்களை நீச்சலுடையில் நிறுத்தித் தனி இதழே வெளியிட்டது. 1994இல் ‘கிரீன் லாண்டர்ன்’ கதையில் நாயகனின் காதலி கொல்லப்பட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்பட்டாள். நாயகன் சினங்கொள்ள வேண்டும்; அதற்காக ஒரு பெண் சாக வேண்டும். இவ்வாறு பலியான பெண்களைத் தொகுத்து 1999இல் அம்பலப்படுத்தினார் கெயில் சிமோன். பின்னர் வொண்டர் உமன் கதைகளை எழுதியவரும் அவரே.

நம் பக்கம் என்ன நிகழ்ந்தது? 1970களின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி இலங்கையிற் கட்டுப்படுத்தப்பட்டது. நச்சிலக்கியத்தைத் தடுக்க வேண்டுமென்று குரலெழுப்பியோரில் முற்போக்காளர் முன்னின்றனர். அதனால் ஈழத்து எழுத்துக்கு ஓரளவு இடம் பிறந்தது உண்மை. எனினும் தடை பண்டத்தை நிறுத்துமேயன்றிப் பார்வையைத் திருத்தாது. தமிழ்நாட்டில் 1984இல் தோன்றிய லயன் காமிக்ஸ், தன் முதலிதழிலேயே மாடஸ்டி பிளைசி என்னும் பெண்ணை நாயகியாக்கியது. அறிவும் துணிவும் அவளுக்கு உண்டு. ஆனால் எதிரிகளைத் திகைக்க வைக்கத் தன் உடலையே ஆயுதமாக்கும் உபாயத்தையும் அவளைப் படைத்த ஆங்கிலேய எழுத்தாளர் அவளுக்குக் கற்பித்திருந்தார்.

இவை வெறும் படங்கள்தாமே என்பார் உளர். 2016 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபை தன் பொதுச் செயலாளராக ஓர் ஆடவரையே மீண்டும் நியமித்தது. போட்டியிட்ட பெண்கள் எழுவர். அதே மாதத்தில் பெண்களின் கௌரவத் தூதராக வொண்டர் உமனை அறிவித்தது! ஏறத்தாழ 45,000 பேர் கையெழுத்திட்டு எதிர்த்தபின், டிசம்பரில் அப்பதவி முடிவுக்கு வந்தது. 1942இல் செயலாளர் நாற்காலி அவளைச் சிறுமைப்படுத்தக் கொடுக்கப்பட்டது. 2016இல் உண்மையான செயலாளர் நாற்காலி பெண்ணுக்கு மறுக்கப்பட்டுப் படம் மட்டும் கொடுக்கப்பட்டது.

சல்லிக் கடற்கரையில் முத்துமாரியம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். அங்கே பெண்ணுருவம் வலிமையின் உருவம். ஆனால் தெய்வத்தைத் தொழுவதால் மட்டும் பெண்ணை மதித்ததாகிவிடாது. போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் குடும்பத் தலைவர்களைக் கொண்டுசென்றபின், நம் கீழ்க்கரையில் எத்தனையோ குடும்பங்களைத் தாங்கி நிற்பவர்கள் பெண்களே. அவர்களை வீராங்கனைகளாகத் தீட்டிய படக்கதை எங்கே?

ஆசிரியர்களுக்கு ஒரு வழி சொல்வோம். 2012இல் சில ஓவியர்கள், பெண்களை நிறுத்தும் அதே கோலத்தில் ‘ஹாக் ஐ’ என்னும் ஆண் வீரனை வரைந்து காட்டினர், பார்த்தவர்கள் சிரித்தனர். அச்சிரிப்பே விமர்சனமாயிற்று. வகுப்பறையில் ஒரு பக்கத்தை விரித்து மாணவரைக் கேளுங்கள்: இவள் என்ன செய்கிறாள்? முடிவெடுப்பவர் யார்? ஓர் ஆண் இவ்வாறு நின்றால் நாம் என்ன சொல்வோம்? உடையை அளக்கும் கோலைக் கீழே வைத்து இக்கேள்விகளைக் கேட்கப் பழகிய மாணவர், கடையில் எதை வாங்கினாலும் ஏமாறமாட்டார்.