மூளையின் குரலும் கணனியும்

கல்முனைக் கரையிற் கரைவலை இழுப்போரின் தனிக்குரல் தொலைவிற் கேளாது. ஒருமித்தெழும் அம்பாப் பாடலே கேட்கும். மூளையின் மின்னலைகளும் இத்தகையனவே. பெருந்தொகையான நரம்புக் கலங்கள் ஒருங்கியங்கும்போதே அவை மண்டையோட்டைக் கடந்து புலப்படுகின்றன.

1924இல் ஜேர்மனியின் ஜேனா நகரில் ஹான்ஸ் பேர்கர் இவ்வலைகளை மனிதரிடத்து முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929இல் அவர் அதனை வெளியிட்டபோது அறிஞர் பலர் ஐயுற்றனர். 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்றியனும் மத்தியூசும் அதனை உறுதிப்படுத்தினர். 1973இல் கலிபோர்னியாவில் ழாக் விடால், இவ்வலைகளாற் கணனியை இயக்கலாமா என வினவி, ‘மூளை–கணனி இடைமுகம்’ என்னும் பெயரையும் வழங்கினார்.

2004இல் ஐக்கிய அமெரிக்காவில், கழுத்துக்குக் கீழ் செயலிழந்த இளைஞரொருவரின் மூளையில் 96 மின்வாய்கள் பொருத்தப்பட்டன. எண்ணத்தாலேயே அவர் திரையிலுள்ள சுட்டியை நகர்த்தினார். கரையில் நின்று கூட்டுக்குரல் கேட்ட ஆய்வு, இவ்வாறு தனிக்குரலையும் அணுகியது.

பேச இயலாதாருக்கு இது பெரும்பேறே. ஆயினும் ஒருவர் சொல்ல விரும்பாததைக் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை; அவ்வெல்லையைக் கருவி வகுக்காது, மனிதரே வகுத்தல் வேண்டும்.