பொய் முயல் பிறந்த கதை

1926 ஜூலை 24, சனிக்கிழமை மாலை. மான்செஸ்டர் நகரத்து பெல் வியூ அரங்குக்கு வந்தவர்கள் சுமார் 1,700 பேர்தான். புத்தம்புது அரங்கில் பாதிக்கு மேல் காலி. மின்விசை இழுக்க, பொம்மை முயல் ஒன்று தண்டவாளத்தில் விரைந்து வந்தது. கூண்டின் கதவு திறந்ததும் கிரேஹவுண்ட் நாய்கள் அதன் பின்னால் பாய்ந்தன. 440 கஜ தூரத்தை 25 விநாடியில் கடந்து 'மிஸ்ட்லி' என்ற நாய் ஜெயித்தது.

பிரிட்டனில் நாய்ப் பந்தயம் பிறந்தது அந்த 25 விநாடியில்தான் என்பார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. நாய் பழையது, முயல் துரத்தல் அதைவிடப் பழையது. புதிதாகப் பிறந்தவை இரண்டு: பொய் முயல், வளைந்த ஓடுபாதை. பெயர் வாங்கியது முயல். வேலை பார்த்தது வளைவு.

கிரேஹவுண்ட் மோப்பம் பிடித்து வேட்டையாடும் நாய் அல்ல. கண்ணால் பார்த்துத் துரத்தும். நம் ஊர் கன்னி, சிப்பிப்பாறை நாய்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒல்லி உடலும் ஒட்டிய வயிறும் புதிதாக இராது. இங்கிலாந்துப் பிரபுக்கள் இந்த நாய்களை உயிருள்ள முயல் மேல் ஏவிப் போட்டி நடத்தினார்கள். 1776-ல் ஆர்ஃபோர்ட் பிரபு ஸ்வாஃபம் என்ற ஊரில் அதற்கென்று ஒரு சங்கமே தொடங்கினார். 1836-ல் லிவர்பூல் அருகே ஆல்ட்காரில் வாட்டர்லூ கோப்பை வந்தது. பெயரைக் கேட்டு நெப்போலியனை நினைக்க வேண்டாம். அதைத் தொடங்கிய வில்லியம் லின் லிவர்பூலில் நடத்திய ஹோட்டலின் பெயர் அது.

அந்தப் போட்டியில் முயலைக் கொன்ற நாய்தான் ஜெயிக்கும் என்று எண்ணினால் ஏமாந்து போவோம். ஒரு தடவைக்கு இரண்டு நாய்கள். முயலை முதலில் ஓடவிட்டு, இடைவெளி விழுந்த பிறகே அவிழ்த்து விடுவார்கள். குதிரை மேல் இருக்கும் நடுவர் பார்ப்பது, எந்த நாய் முயலை நெருக்கித் திசை மாற வைக்கிறது என்பதை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் புள்ளி உண்டு. கொல்வதற்குக் கிடைக்கும் மதிப்பு அற்பம். முயல் எந்தப் பக்கம் வெட்டித் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது என்பதுதான் அந்த விளையாட்டின் சுவை.

1876-ல் லண்டனின் ஹெண்டன் பகுதியில், வெல்ஷ் ஹார்ப் என்ற இடத்தில், முதல் பொய் முயல் ஓடியது. 400 கஜ நேர்கோட்டில் தண்டவாளம் போட்டு, கையால் சுற்றும் உருளையில் கயிற்றைச் சுருட்டி முயலை இழுத்தார்கள். நாய்கள் மறுப்பேதும் சொல்லாமல் துரத்தின. ஆனால் ஆட்டம் நிலைக்கவில்லை. நேர்கோட்டில் வேகமான நாய் ஜெயிக்கும், அடுத்த முறையும் அதே நாய் ஜெயிக்கும். உயிர் முயலோடு சேர்த்துத் திருப்பத்தையும் எடுத்துவிட்டார்கள். முடிவு முன்பே தெரிந்த போட்டிக்கு யார் காசு கொடுப்பார்கள்?

அமெரிக்கரான ஓவன் பேட்ரிக் ஸ்மித்துக்கு முயல்கள் சாவது பிடிக்கவில்லை. மேற்கு அமெரிக்காவில் நீள்காது முயல்களை வைத்து நடந்த போட்டிகளை அவர் நன்கு அறிந்தவர். உயிர்ப்பலி இல்லாமல், குதிரைப் பந்தயம் போல நாய்ப் பந்தயமும் நடக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1912 வாக்கில் இயந்திர முயலுக்கு வடிவம் கொடுத்தார். பல தோல்விகளுக்குப் பிறகு 1919-ல் கலிஃபோர்னியாவின் எமரிவில்லில் பார்வையாளர் அரங்கோடு பந்தயப் பாதை திறந்தார். அது வட்டப் பாதை. வளைவில் நாய்கள் முட்டும், அகலப் போகும், உள்பக்கம் நுழையும், பின்னால் வந்தது முன்னால் போகும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஹெண்டனில் தொலைந்த திருப்பம், முயலிடமிருந்து பாதைக்கு இடம் மாறித் திரும்பி வந்தது. ஸ்மித் அதை அப்படி யோசித்துச் செய்தாரா, குதிரைப் பந்தயத்தைப் பார்த்துச் செய்தாரா என்பது வேறு விஷயம்.

இந்தச் சரக்கை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர் சார்லஸ் மன் என்ற அமெரிக்கர். அங்கே அவருக்குக் கிடைத்த கூட்டாளி, கனடாவில் பிறந்த பிரிகேடியர் ஜெனரல் கிரிச்லி. போர் முடிந்து ஓய்ந்திருந்த ராணுவ அதிகாரி. இருவரும் நல்ல நேரம் பார்த்தார்கள். குதிரைப் பந்தயம் ஊருக்கு வெளியே, வேலை நாள் மதியத்தில் நடக்கும். தொழிலாளி போக முடியாது. தெருவில் நின்று பணம் கட்டுவது 1906-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நாய்ப் பந்தயமோ ஊருக்குள்ளேயே, ஆலை விட்ட பிறகு, மின்விளக்கு வெளிச்சத்தில் நடந்தது. பணம் கட்ட புக்கிகளும் அங்கேயே இருந்தார்கள். 1,700 பேரோடு தொடங்கிய பெல் வியூவில் சில வாரங்களில் ஆயிரக்கணக்கில் கூட்டம் நெருக்கியது. 1927-ல் லண்டனின் ஒயிட் சிட்டி, ஹாரிங்கே, வெம்பிளி, அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட், டப்ளின், ஆஸ்திரேலியாவில் சிட்னி என்று வரிசையாகத் திறந்தன. ஆஸ்திரேலியர்கள் பொய் முயலுக்குத் 'தகர முயல்' என்றே பெயர் வைத்தார்கள். ஸ்மித் அந்த ஆண்டிலேயே இறந்துபோனார்.

நாய்களுக்கும் நட்சத்திர அந்தஸ்து வந்தது. 'மிக் த மில்லர்' அயர்லாந்தில் ஒரு கிராமத்துப் பாதிரியார் வளர்த்த நாய். 1929, 1930 இரண்டு ஆண்டும் இங்கிலீஷ் டெர்பி என்ற நாய்ப் பந்தயத்தை வென்றது. 1931 இறுதிப் போட்டியிலும் மிக்தான் முதலில் வந்தது. ஆனால் ஓட்டத்தின் நடுவே வேறொரு நாய் சண்டைக்குப் போனதால் பந்தயம் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். மறு ஓட்டத்தில் வயதான மிக் தோற்றது. பிறகு அது சினிமாவிலும் நடித்தது.

இந்த ஆட்டத்தின் செல்வாக்கைக் காட்ட ஒரே ஒரு சம்பவம் போதும். 1966 உலகக் கோப்பைக் கால்பந்தில் உருகுவே–பிரான்ஸ் ஆட்டம் வெம்பிளியில் நடக்கவில்லை. அன்று அங்கே வழக்கமான நாய்ப் பந்தயம் இருந்தது. அரங்கக்காரர் அதை ரத்து செய்ய மறுக்க, உலகக் கோப்பைதான் ஒயிட் சிட்டிக்கு இடம் மாறியது.

முயலைக் காப்பாற்றப் பிறந்த ஆட்டத்தில் அடிபட்டது நாய். சுவை சேர்த்த அதே வளைவில்தான் நாய்கள் மோதிக் காலை முறித்துக்கொள்கின்றன. முயலும் முழுக்கத் தப்பவில்லை. 2015-ல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி ஒன்று ரகசியமாகப் படம் பிடித்து வந்து காட்டியது: நாய்களுக்கு வெறியேற்ற, சில பயிற்சியாளர்கள் உயிருள்ள முயலையும் பன்றிக்குட்டியையும் இயந்திரத்தில் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பொய் முயல் எதற்காகப் பிறந்ததோ அதையே தலைகீழாக்கிய வேலை. நியூ சவுத் வேல்ஸ் அரசு 2016 ஜூலையில் பந்தயத்தைத் தடை செய்வதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் அக்டோபரில் பின்வாங்கியது.

பணக்காரர்களின் வாட்டர்லூ கோப்பை, உயிர் முயல் போட்டிகளைத் தடுக்கும் சட்டம் வந்ததால் 2005-ல் கடைசியாக நடந்தது. பொய் முயலுக்கும் அதிக நாள் மிச்சமில்லை என்றே தோன்றுகிறது. புளோரிடா வாக்காளர்களில் சுமார் 69 விழுக்காட்டினர் 2018-ல் நாய்ப் பந்தயத் தடைக்கு வாக்களித்தார்கள். அங்கே 2020 டிசம்பர் 31-க்குள் எல்லாப் பாதைகளும் மூடியாக வேண்டியிருந்தது. அதே டிசம்பரில், மிஸ்ட்லி ஓடிய பெல் வியூவிலும் கடைசிப் பந்தயம் முடிந்தது.

மிக் த மில்லரைப் பார்க்க விரும்புவோர் லண்டனுக்கு வடமேற்கே ட்ரிங் ஊரில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1939-ல் செத்த நாயைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.