கறி பிடிக்காதவர்களுக்குப் புரதம்: வயலிலேயே இருக்கிறது வழி

கறி வாடையே ஒத்துக்கொள்ளாதவர்கள் எந்த ஊரிலும் உண்டு. குமணன்சாவடி, பூந்தமல்லி பக்கமும் அப்படித்தான். அவர்களை வற்புறுத்த வேண்டாம். ஆனால் சோறும் ரசமும் மட்டும் போதாது. புரதம் குறைந்தால் பெரியவர்களுக்குத் தசை தளரும், குழந்தைகளின் வளர்ச்சி தடைபடும்.

எவ்வளவு தேவை?

ஐ.சி.எம்.ஆர். 2020 பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்குத் தினமும் 0.83 கிராம். 60 கிலோ எடை என்றால் சுமார் 50 கிராம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

எதில் எவ்வளவு? (100 கிராமில், தோராயமாக)

* சோயா மொச்சை – 36 கிராம்
* நிலக்கடலை – 25
* உளுந்து, பச்சைப்பயறு – 23 முதல் 24
* துவரை, கொள்ளு – 22
* முட்டை – ஒன்றில் 6
* பால் – 200 மில்லியில் 6
* பச்சைக் காளான் – 3 மட்டுமே, கறிக்கு ஈடாகாது

ஒரு நாள் கணக்கு

அரிசி 250 கிராம், பருப்பு 75 கிராம், பாலும் தயிருமாக 400 மில்லி, ஒரு கைப்பிடி நிலக்கடலை. இதிலேயே 50 கிராமுக்கு மேல் கிடைத்துவிடும். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது அதிகம். அதனால் இட்லி, பொங்கல், சாம்பார் சோறு நல்ல சேர்க்கை. பயறை முளைகட்டினால் எளிதில் செரிக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்டவும்.

வயலில் என்ன செய்யலாம்?

நெல் வரப்பில் உளுந்து, தட்டைப்பயறு ஊன்றுங்கள். நாலு பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 110 கிலோ பருப்பு தேவை. அறுவடையானதும் வீட்டுப் பங்கை எடுத்து வைத்துவிட்டு, மீதியை விற்பனைக்கு அனுப்புங்கள்.