பூதத்துக்குப் படைத்த எள்ளுருண்டை



ஐப்பசி மாதத்து மழை நாளொன்றிலே, வடமராட்சியைச் சேர்ந்த உடுப்பிட்டியில், உறவினர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் அமர்ந்திருந்தேன். அந்த வீட்டு மூதாட்டிக்குக் கனடாவின் ரொறன்ரோ நகரிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவள் பத்து வயதுப் பேர்த்தி. ஒக்டோபர் 31ஆம் நாள் அங்கே பேய்வேடம் புனையும் ஹலோவீன் விழா. தோழிகள் கூடும் விருந்துக்கு ஒவ்வொருவரும் பயமுறுத்தும் தோற்றமுள்ள இனிப்பொன்றைத் தம் கையாலே செய்து கொண்டுவர வேண்டுமாம். ஆனால் பிள்ளைகள் அடுப்பை மூட்டக் கூடாது. வெதுப்பியைத் தொடவும் கூடாது.

"அம்மம்மா, நெருப்பில்லாமல் செய்யிற பேய் இனிப்பு ஏதும் உங்களுக்குத் தெரியுமோ?" என்று குழந்தை கேட்டாள்.

மூதாட்டி சிறிதும் தயங்கவில்லை. "எள்ளுருண்டை பிடி பிள்ளை. அதைவிடப் பேய்க்கு உகந்த பண்டம் வேறை என்ன இருக்கு?" என்றார்.

அருகில் நின்ற அவருடைய மூத்த மகளுக்கு இது பொறுக்கவில்லை. "என்னம்மா சொல்லுறியள்? எள்ளு எங்கடை வீட்டிலை எதுக்கு எடுக்கிறது எண்டு உங்களுக்குத் தெரியாதோ? கொண்டாட்டத்துக்கு எள்ளைக் குடுத்துவிடலாமோ?" என்று கடிந்துகொண்டார். அவர் பார்வை சுவரிலே மாலையிட்டிருந்த இளைஞனொருவனின் படத்தின்மேற் சென்றது. 1987ஆம் ஆண்டிலே வடமராட்சியில் நடைபெற்ற போரில் அந்த வீடு இழந்த மகன் அவன். ஆடி அமாவாசைதோறும் அவன் பொருட்டும் அங்கே எள்ளும் நீரும் இறைக்கப்படுகின்றன.

மூதாட்டி மறுமொழி கூறவில்லை. தொலைபேசியைக் கையிற் பிடித்தபடியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எள் துயரத்துக்கு மட்டும் உரிய தானியமா? விழாக் களிப்பிலே அதற்கு இடமில்லையா? இக்கேள்விக்கு நமது பழைய வரலாறு கூறும் விடையையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

முதலில் எள்ளின் பழைமையைப் பார்ப்போம். சிந்துவெளி நாகரிகத்து நகரமாகிய ஹரப்பாவின் அகழ்விலே கருகிய எள் கிடைத்திருக்கின்றது. ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்னரே இத்தானியம் இந்தியத் துணைக்கண்டத்து மக்களின் கையில் இருந்தது என்பதற்கு அது சான்று. தமிழிலோ, எண்ணெய் என்னும் சொல்லே எள்ளிலிருந்து பிறந்தது. எள்ளின் நெய் எண்ணெய். பின்னர் தேங்காயிலிருந்து எடுத்ததும் வேப்பம் விதையிலிருந்து எடுத்ததும் அப்பெயரையே பெற்றன. எள்ளெண்ணெய் மட்டும் நல்லெண்ணெய் என்று தனிச் சிறப்புப் பெற்றது. ஆகாத பொருளொன்றுக்கு நம் முன்னோர் 'நல்ல' என்னும் அடைமொழியைக் கொடுத்திருப்பார்களா?

இனிக் காவிரிப்பூம்பட்டினத்துக்குச் செல்வோம். இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரத்திலே, இந்திர விழவூரெடுத்த காதை என்றொரு பகுதி உண்டு. சோழரின் துறைமுகமாகிய அந்நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பிரிவாக அமைந்திருந்தது. இரண்டுக்கும் இடையே மரங்கள் செறிந்த வெளியிலே நாளங்காடி என்னும் பகற்கடைத் தெரு இருந்தது. அங்கே காவற் பூதமொன்றுக்குப் பலிபீடம் அமைத்திருந்தார்கள். சித்திரைத் திங்களில் இந்திர விழா வந்தபோது மறக்குடிப் பெண்கள் அப்பூதத்தின் முன் சென்று, வேகவைத்த பயறு வகைகள், பொங்கற் சோறு, மலர், நறும்புகை ஆகியவற்றோடு நோலை என்றொரு பண்டத்தையும் படைத்தார்கள். குரவையும் துணங்கையும் ஆடினார்கள். நாட்டிலே பசியும் நோயும் பகையும் ஒழிந்து, மழையும் வளமும் பெருக வேண்டும் என வாழ்த்தினார்கள்.

நோலை என்பது யாது? இன்று வழக்கொழிந்துவிட்ட அச்சொல்லுக்குப் பழைய உரைகள் தரும் பொருள் எள்ளுருண்டை என்பதே. உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1892ஆம் ஆண்டிலே சிலப்பதிகாரத்தை உரையோடு அச்சேற்றியபோது, அழிந்துபோக இருந்த இச்சிறு செய்தியும் நமக்கு மீண்டது. உடுப்பிட்டி மூதாட்டி அந்நூலைப் படித்தவரல்லர். ஆயினும் பூதத்துக்கு உகந்தது எள்ளுருண்டை என்னும் நினைவு அவர் நாவிலே இயல்பாக எழுந்தது. ஏட்டில் ஒரு வழியாகவும் அடுக்களையில் மற்றொரு வழியாகவும் ஒரே வழக்கம் நடந்து வந்திருக்கின்றது.

அந்த எள்ளுருண்டை இழவு வீட்டிற் படைத்ததன்று. நகரம் முழுவதும் கொடிகளும் தோரணங்களும் கட்டி, 28 நாள் கொண்டாடிய பெருவிழாவிற் படைத்தது. அச்சமும் களிப்பும் அங்கே ஒரே தட்டில் இருந்தன.

பேயையும் பூதத்தையும் நம் புலவர்கள் எப்படிக் கண்டார்கள் என்பதும் நோக்கத்தக்கது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியைப் படித்தவர்கள் அறிவார்கள். அதிலே வரும் பேய்கள் பசியால் வாடி மெலிந்தவை. காளியிடம் தம் பசியை முறையிடுகின்றன. போர்க்களத்திலே கூழ் சமைத்துப் பரிமாறி உண்கின்றன. கேட்பதற்கு அச்சமாயிருப்பினும், ஊன்றி நோக்கினால் அவற்றின் பெருந்துன்பம் பசியே. தமிழர் கண்ட பேய் பெரும்பாலும் பசித்த பேய். யாழ்ப்பாணத்திலே எண்ணெய்ப் பலகாரத்தை அந்தி வேளையில் வெளியே கொண்டுசெல்வோர், அதனோடு ஒரு கரித்துண்டையோ இரும்பாணியையோ வைக்கும் வழக்கமும் இந்த நம்பிக்கையிலிருந்தே வந்தது. வழியிலுள்ள புளியமரத்துப் பேய்க்கும் வாயூறும் என்பது அதன் கருத்து. பசித்தவருக்கு உணவிட வேண்டும் என்னும் அறத்தை நம்மவர் பேய்க்கும் விலக்கவில்லை.

பிற நாடுகளிலும் இத்தகைய எண்ணம் உண்டு. ஹலோவீன் விழாவின் வேர் அயர்லாந்திலும் ஸ்கொத்லாந்திலும் வாழ்ந்த கெல்ற்றிய மக்களின் குளிர்கால வரவு நாளிலே இருப்பதாகக் கூறுவர். 19ஆம் நூற்றாண்டிலே அங்கிருந்து குடிபெயர்ந்தவர்கள் அதனை வட அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார்கள். இங்கிலாந்திலே இறந்தோர் நினைவு நாளில், வீடு வீடாக வரும் ஏழைகளுக்குச் சிறு அப்பங்களைக் கொடுப்பது பழைய வழக்கம். அதைப் பெற்றவர்கள் அவ்வீட்டில் இறந்தவர்களுக்காகப் பிரார்த்தித்தார்கள். மெக்சிக்கோவிலே நவம்பர் முதலிரு நாட்களிலும் சீனியை அச்சில் வார்த்து மண்டையோட்டு வடிவில் இனிப்புச் செய்கிறார்கள். அதன் நெற்றியிலே பெயரெழுதுவதும் உண்டு. சாவின் உருவத்தையே குழந்தை கையிற் பிடித்துச் சிரிக்கின்றது! கடல்கள் பல இடையே கிடந்தாலும், இறந்தவரை இனிப்போடு நினைக்கும் மனம் ஒன்றாகவே இருக்கின்றது.

இனி, நம் யாழ்ப்பாணத்து வழக்கங்களை எண்ணிப் பாருங்கள். பிதிர்களுக்கு எள்ளும் நீரும் இறைக்கின்றோம். புரட்டாதிச் சனிக்கிழமைகளிலே சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்துக் காகத்துக்குச் சோறிடுகின்றோம். இவை பற்றியே எள் துயரத்துக்குரியது என்னும் எண்ணம் வலுப்பட்டது. ஆனால் அதே வீட்டிலே பெண்பிள்ளை பெரியபிள்ளையானதும், உடல் உரம்பெற என்று நல்லெண்ணெயும் உளுந்துக் களியும் எள்ளுப்பாகும் கொடுக்கின்றார்கள். புறப்படும் உயிருக்கும் மலரும் உயிருக்கும் ஒரே தானியம்! எள்ளை அமங்கலம் என்று ஒதுக்குவோர் இந்த இரண்டாவது செய்தியை மறந்துவிடுகின்றனர்.

நெருப்பில்லாத இனிப்பும் நமக்குப் புதிதன்று. அம்மன் கோயில்களிலே ஏற்றும் மாவிளக்கு, இடித்த பச்சரிசி மாவிலே வெல்லம் பிசைந்து செய்வது. முருகனுக்கு உகந்தது தேனும் தினைமாவும். எள்ளுருண்டைக்கும் உரலும் உலக்கையுமே போதும். காரணம் எள்ளிலேயே இருக்கின்றது. அதன் நிறையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். இடிக்க இடிக்க அந்த எண்ணெய் கசிந்து மாவைப் பிணைக்கும். பாகு காய்ச்ச வேண்டியதில்லை. நெய் உருக்க வேண்டியதில்லை.

அன்று மூதாட்டி தொலைபேசியிற் சொல்லிக்கொடுத்த முறையை நேயர்களுக்கும் கூறுகின்றேன். இரண்டு சுண்டு கறுத்த எள்ளு எடுத்துக்கொள்ளுங்கள். கல்லும் மண்ணும் போகக் கழுவி நன்றாக வெயிலில் உலர்த்துங்கள். வெயிலில்லாத நாட்டிலே வறுத்த எள்ளையே கடையில் வாங்கலாம், கைப்பும் குறைவாயிருக்கும். அதனை உரலில் இட்டு, சிறிது உப்பும் சேர்த்து, எண்ணெய் கசியும்வரை இடியுங்கள். உரலில்லாதவர்கள் பெரியவர் ஒருவரைக் கொண்டு அரைக்கும் இயந்திரத்தில் விட்டு விட்டுச் சுழற்றலாம். பின்பு ஒரு சுண்டு பனங்கட்டியைத் தூளாக்கிச் சேர்த்து, இரண்டும் ஒன்றாகும்வரை மீண்டும் இடியுங்கள். கையில் எடுத்து அழுத்தினால் உதிராமல் நிற்க வேண்டும். அதுவே பதம். எலுமிச்சங்காய் அளவில் உருட்டிக்கொள்ளுங்கள்.

பனங்கட்டி மட்டும் முன்னரே தீயைக் கண்டது. சுண்ணாம்பு தடவிய முட்டியிலே இறங்கிய கருப்பநீரைக் காய்ச்சி, பனையோலைக் குட்டானில் ஊற்றி இறுகவைத்த பண்டம் அது. அந்த உழைப்பை வேறொருவர் நமக்காக முன்பே செய்துவிட்டார்.

உருண்டை கரியதாயிற்று. பேய் முகத்துக்கு என்ன செய்வது? இதற்கும் நம் வழக்கத்திலேயே வழி உண்டு. குழந்தைக்கு முதற்பல் முளைக்கும்போது, தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போல வெட்டிக் கொழுக்கட்டையிலே பதித்துப் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பது யாழ்ப்பாணத்தார் அறிந்ததே. அவ்வாறே மெல்லிய தேங்காய்ச் சீவல்களைக் கூரிய பற்களாக வெட்டி, கறுத்த உருண்டையிலே வரிசையாகப் பதியுங்கள். வட்டமாக வெட்டிய இரண்டு சீவல்களின் நடுவே ஒவ்வோர் எள்ளை ஒட்டினால் விழிகள் ஆகும். இருட்டிலே விளக்கொளி பட்டால் வெண்பற்களும் வெண்விழிகளும் மட்டுமே தோன்றும். நாளங்காடிப் பூதமே நேரில் வந்ததுபோலிருக்கும்!

ஓர் எச்சரிக்கை. சில பிள்ளைகளின் உடலுக்கு எள் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். கனடாவிலே பொதிகளில் அதனைக் கட்டாயமாகக் குறிப்பிடுகிறார்கள். ஆகவே பலர் கூடும் இடத்துக்குக் கொண்டுசெல்லுமுன் பெற்றோரையும் ஆசிரியரையும் கேட்டறிய வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்குத் தேங்காய்த் துண்டுகளைக் கொடுத்தலும் ஆகாது.

மீண்டும் அந்த மழை மாலைக்கு வருவோம். முறை முழுவதையும் சொல்லி முடித்தபின் மூதாட்டி பேர்த்தியிடம் ஒன்று கூறினார்: "முதல் உருண்டையை ஒருத்தரும் தொடாமல் மாமாவின்ரை படத்துக்கு முன்னாலை வை. அவனுக்கும் இனிப்பெண்டால் சரியான விருப்பம். பிறகு மற்றதுகளைக் கொண்டுபோய் எல்லாரோடையும் சிரிச்சுச் சாப்பிடு."

கடிந்துகொண்ட மகள் இப்போது ஒன்றும் பேசவில்லை. சற்று நேரத்திலே உள்ளே எழுந்து சென்றார். உரலடியிலே எள்ளைப் புடைக்கும் சுளகின் ஒலி கேட்டது.

தன் மாமனை அந்தக் குழந்தை ஒருநாளும் கண்டதில்லை. அவன் வாழ்ந்த ஊரையும் படத்திலன்றிப் பார்த்ததில்லை. இருப்பினும் அவன் விரும்பிய சுவை இனி அவள் நாவில் இருக்கும். புகார் நகரத்துப் பெண்கள் பூதத்தின் முன் வைத்த உருண்டையும், ரொறன்ரோவிலே ஒரு சிறுமி பிடித்த உருண்டையும் ஒரே பண்டமே. நேயர்களே, உங்கள் வீட்டிலும் எள்ளுருண்டை பிடிக்கும் நாள் வந்தால், பிள்ளைகளை உரலடிக்கு அழையுங்கள். அவர்களும் இரண்டு உலக்கை போடட்டும். முதலுருண்டை யாருக்கு என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.