குருசடைத் தீவும் எழும்பூர்ப் புத்தகமும்

பாம்பன் குந்துக்காலில், விவேகானந்தர் நினைவிடத்துப் பக்கம் நின்று கடலைப் பார்த்தால் எதிரே தாழ்வாக ஒரு பச்சைக் கோடு தெரியும். அதுதான் குருசடைத் தீவு. நம்மில் பலருக்கு அது தூரத்தில் தெரிகிற ஒரு தீவு, அவ்வளவுதான். ஆனால் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் விலங்கியல் படித்த யாரிடமாவது அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். இந்தத் தீவுக்கும் பட்டணத்துக்கும் உறவு ஏற்பட்டது ஒரு நூலகமும் ஒரு மியூசியமும் அக்கம்பக்கமாக இருந்ததால் என்பது என் எண்ணம். நூலகத் துறையிலேயே காலத்தைக் கழித்தவன் என்பதால் இது கொஞ்சம் பாரபட்சமான எண்ணமாகவும் இருக்கலாம்.

சென்னை மியூசியம் தொடங்கியது 1851இல். முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் என்ற டாக்டர். 1855இல் அவர் மியூசியத்தோடு ஒரு மிருகக்காட்சிசாலையையும் சேர்த்தார். பின்னால் அது சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. பாடம் செய்த உடல்களும் எலும்புக்கூடுகளும் இருந்த மியூசியத்தைச் சென்னை ஜனங்கள் 'செத்த காலேஜ்' என்றார்கள். உயிரோடு மிருகங்கள் இருந்த இடம் 'உயிர் காலேஜ்'. படிக்காதவர்கள் வைத்த பெயர்தான், ஆனால் இரண்டையும் காலேஜ் என்றே சொன்னார்கள் பாருங்கள். அங்கே போனால் ஏதோ கற்கலாம் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

மியூசியத்தோடு ஒட்டிக்கொண்டு 1860களில் ஒரு சிறு நூலகம் வந்தது. அதுதான் வளர்ந்து, 1896 டிசம்பர் 5ஆம் தேதி கன்னிமாரா பொது நூலகமாகத் திறக்கப்பட்டது. மங்களூர்க் கரையில் 1874இல் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை ஒருவர் வாய் பிளந்து பார்த்துவிட்டு, நாலு எட்டு நடந்து போய் திமிங்கிலத்தைப் பற்றிய புத்தகத்தைப் புரட்டலாம். அப்படி ஒரு வசதி அந்தக் காலத்தில் எத்தனை ஊர்களில் இருந்திருக்கும்!

அப்போது மியூசியத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். சாதிகள், குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளால் இன்று பேசப்படுகிறவர். அதற்கெல்லாம் முன்பே அவர் நம் கரைக்கு வந்துவிட்டார். இராமேஸ்வரம், சுற்றுத் தீவுகளின் கடல் உயிரினங்கள் பற்றி 1887இல் ஓர் அறிக்கை, 1895இல் மியூசிய வெளியீடாக இன்னொன்று. அப்போது பாம்பன் பாலம் கிடையாது, மண்டபத்தோடு தரை முடிந்துவிடும். 1914இல் ரயில் கடலைத் தாண்டிய பிறகு பட்டணத்து ஆட்கள் மூட்டை முடிச்சோடும் கண்ணாடி ஜாடிகளோடும் வந்து இறங்குவது சுலபமாயிற்று.

அடுத்து வந்தவர்களில் கிரேவ்லி முக்கியமானவர். அவர் பதிப்பித்து 1927இல் மியூசியம் வெளியிட்ட குருசடைத் தீவுக் கரையோர உயிரினங்கள் பற்றிய நூல்தான் நான் சொல்ல வந்த புத்தகம். தண்ணீர் வற்றும் நேரத்தில் கரையோரம் நடந்து, கல்லைப் புரட்டி, சேற்றைக் கிளறினால் கண்ணில் படுகிறவை எல்லாம் அதில் உண்டு. பவளம், புழு, நண்டு, நட்சத்திர மீன் எல்லாம் போக, முதுகெலும்புள்ள பிராணிகளுக்கும் செடி கொடிகளுக்கும் தனிப் பின்னிணைப்புகள். பின்னர் எஸ்.டி. சத்தியமூர்த்தி இந்தத் தீவின் சிப்பி, சங்கு வகைகளை மட்டும் 1952இலும் 1956இலும் இரண்டு பகுதிகளாக எழுதினார். இத்தனை சிறிய தீவுக்கு இத்தனை பக்கங்கள்!

பிறகுதான் கல்லூரி மாணவர்களின் வரவு. அவர்கள் தேடி வந்ததில் ஒன்று பலனோகிளாசஸ் என்ற புழு. மணலுக்குள் வளை தோண்டி வாழ்கிறது, தொட்டால் துவண்டு அறுந்துவிடும், கிட்டே போனால் பழைய ஆஸ்பத்திரி ஐயோடோஃபார்ம் வாடை. முதுகெலும்பு இல்லாத உயிர்களுக்கும் இருக்கிற உயிர்களுக்கும் இடையே உறவு தேடுகிறவர்களுக்கு இது பெரிய பொக்கிஷம். பாடப்புத்தகத்தில் படமாகப் பார்த்த ஒன்றை முழங்கால் தண்ணீரில் நின்று தன் கையால் தோண்டி எடுத்தவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். அது நல்ல கல்விதான். ஆனால் ஆண்டு தவறாமல் கூட்டம் கூட்டமாக வந்து, புரட்டிய கல்லைப் புரட்டிய மேனிக்கே விட்டுவிட்டு, ஆளுக்கொரு பாட்டிலில் ஃபார்மலினில் போட்டு எடுத்துக்கொண்டு போனால் தீவு என்ன ஆகும்? உயிர் காலேஜைச் செத்த காலேஜுக்குக் கொண்டுபோன கதைதான்.

மண்டபத்தில் வேறு மாதிரி நடந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களைத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பிய மண்டபம் முகாம் நமக்கெல்லாம் தெரியும். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அந்த மண்டபம் முகாமில்தான் வளர்ந்தது. 1971இல் தலைமையகம் கொச்சிக்குப் போனாலும் நிலையமும் மீன் காட்சியகமும் இங்கே இருந்தன. இராமேஸ்வரம் போகிற குடும்பங்கள் இறங்கி, கண்ணாடித் தொட்டிக்குள் மீனைப் பார்த்துவிட்டுப் போகும். உயிரோடு பார்த்தார்கள், எதையும் எடுத்துப் போகவில்லை.

இனி என் சொந்தக் கதை கொஞ்சம். 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பலனாகக் கரையோர ஊர்களிலும் கிளை நூலகங்கள் வந்தன. அப்படி ஒன்றில் எழுபதுகளின் கடைசியில் நான் வேலை பார்த்தேன். கடலுக்குப் போகாத நாளில் ஒரு பெரியவர் பேப்பர் படிக்க வருவார். சங்கு குளித்தவர், காது கொஞ்சம் மந்தம். ஒருநாள் சிப்பி, சங்குப் படங்கள் உள்ள ஒரு ஆங்கிலப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்திருந்தேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் பக்கம் வந்தார்.

"இது ஐவிரல் சங்கு. இது யானைமுள்ளி" என்று விரலை வைத்துக்கொண்டே போனார். பக்கம் திரும்பியது. கொம்பு போல் வளைந்து, அடுக்கடுக்காக அறைகளோடு ஏதோ ஒன்று. எனக்கு என்னவென்று தெரியவில்லை. "சங்குப் பூ தம்பி. சங்கு முட்டை வைக்கிற கூடு. இது மணல்ல நட்டமா நிக்கிறதைப் பார்த்தா, பக்கத்துல சங்கு கிடக்கும்னு அர்த்தம்."

"சங்கு பாறையில ஒட்டிக்கிட்டு இருக்காதாண்ணே?"

"பாறையில அதுக்கு என்ன வேலை? மணலுக்குள்ள புழு தின்னுக்கிட்டுக் கிடக்கும்."

நான் ஒரு நோட்டை எடுத்தேன். அன்றும் அடுத்த சில மாதங்களிலும் அவரும் அவர் அழைத்துவந்த சிலரும் சொன்ன பெயர்கள் அதில் இருக்கின்றன. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை. அழுங்காமை, பேராமை. வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று காற்றுகள். கடல்பசுவை நகரத்துக்காரர்கள் படத்தில் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே ஆவுளியா என்று அழைத்தவர்கள் இவர்கள். வாசிக்க வந்தவர் என் மேசையில் இயற்கை ஆசிரியராகிவிட்டார். பரிசோதனைக் கூடமும் வேண்டியிருக்கவில்லை, ஒரு படப் புத்தகமும் கேட்கிற ஆளும் போதுமாயிருந்தது. வெளிநாட்டில் சில பொது நூலகங்கள் பறவை பார்க்கத் தொலைநோக்கியை இரவல் கொடுப்பதாகப் படிக்கும்போது அந்த மேசைதான் நினைவுக்கு வருகிறது. 1931இல் மன்னார்குடிக்குப் பக்கம் மேலவாசலில் புத்தகம் மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனதே, அந்த ஊர்க்காரர்களின் பிள்ளைகள்தானே நாம்.

1986இல் தூத்துக்குடி முதல் நம் பாம்பன் வரையுள்ள 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா ஆயின. தீவுகளில் கால் வைக்கக் கட்டுப்பாடு வந்தது. பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்குக் கொண்டுபோன கொடுமைக்கு அது தேவைதான். ஆனால் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களுக்கு அது வேறு கணக்கு. தீவை நன்றாக அறிந்தவர்களே அங்கே அத்துமீறியவர்கள் ஆனார்கள்.

இப்போது காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறை அலையாத்திக் காட்டுக்குப் படகு விடுகிறது, கூட்டிப்போவது அந்த ஊர் ஆட்கள். பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி மீனவர் பேச்சிலேயே கடலைப் பற்றிப் பேசுகிறது. 2025இல் தனுஷ்கோடி பூநாரைகளுக்கென்று சரணாலயம் ஆனது. மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிள்ளைகள் கேமராவோடு வருகிறார்கள்.

போன மாதம் என் நோட்டைப் பேரன் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆரம்பித்தான். ஒரு பக்கத்தில் பதினாறு பெயர் இருந்தால், எந்த உயிர் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிவது பத்துக்குத்தான். மீதி ஆறை யாரிடம் கேட்பது? அந்தப் பெரியவர் இல்லை. கீழக்கரை, பாம்பன், வேதாளை, ஏர்வாடிப் பக்கம் சங்கு குளித்த, பாசி எடுத்த ஆட்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நோட்டை எடுத்துக்கொண்டு நானே நேரில் வருகிறேன்.